நடந்ததாகக் கருதப்படுகிறது

இந்தப் பத்திரிகைக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் கவிதையைப் பற்றித்தான். இந்த முறை என் ஜீவனோபாயத்தைப் பற்றி எழுதுகிறேன். பரனூரில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்குள் இருக்கிற ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் சேவைகளுக்கான ஒப்பந்தங்களில் 'செயல்திறன் உத்தரவாதம்' என்கிற பகுதியை எழுதித் தருவது என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு, அடுத்த ஸ்டேஷனில் ஆபீஸ் என்கிற சௌகரியத்துக்காகவே நான் இதை விடாமல் இருப்பதாக நண்பர்கள் சொல்வார்கள். சௌகரியம் உண்மைதான்.

இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று கேட்கலாம். ஒரு சொல் கொடுப்பது, அந்தச் சொல்லின் எல்லையை வரையறுப்பது, எதற்கெல்லாம் அந்தச் சொல் பொறுப்பாகாது என்று அடுக்கிவைப்பது, இதுதான் வேலை. மொழியை இவ்வளவு சந்தேகத்தோடு கையாளுகிற வேறு தொழில் எனக்குத் தெரிந்து விமர்சனம் ஒன்றுதான். விமர்சகனுக்குச் சம்பளம் கிடையாது என்பது மட்டுமே வித்தியாசம்.

இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டர் சேவையும் தனியாக நிற்பதில்லை. ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது. அது வேறு இரண்டைக் கூப்பிடுகிறது. ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர் ஒரே இடத்தில் டிக்கெட் வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார். இருக்கை இருக்கிறதா என்று சொல்வது ஒரு சேவை, பணத்தை வாங்கிக் கடத்துவது இன்னொன்று, பணத்தைக் கழிக்கிற வங்கி ஒன்று, அந்த வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைக் கொண்டுவந்து தருகிற டெலிபோன் கம்பெனி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சொந்தக்காரர். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு உத்தரவாதம் தருகிறார்: வருஷத்தில் நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்கும், இத்தனை மில்லிசெகண்டுக்குள் பதில் சொல்லும் என்று. இவற்றையெல்லாம் கோத்து ஒரே சேவையாக நமக்கு விற்கிறவர் என்ன சொல் கொடுக்க முடியும்? பதினாறு வருஷமாக என் முன்னால் இருக்கிற கேள்வி இதுதான்.

முதலில் வாய்ப்பாடு. 99.9 என்றால் பிரமாதமாகத் தோன்றும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எட்டே முக்கால் மணி, சேவை கிடைக்காமல் போகலாம். இம்மாதிரி ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஐந்தையும் பெருக்க வேண்டும், கிடைப்பது 99.5. வருஷத்தில் 43 மணி நேரத்துக்கும் மேல், ஏறக்குறைய இரண்டு நாள். ஐந்து பேரும் சொன்ன சொல் தவறவில்லை. மொத்தத்தில் இரண்டு நாள் காணாமல் போய்விட்டது.

இதுவும் ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தவறும் என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் சம்பந்தம் இருக்கிறது. சம்பள நாள், தீபாவளிக்கு முந்தின நாள், ஏதாவது பெரிய மழை, இவற்றில் எல்லாம் சேர்ந்தே திணறுகின்றன. வேடிக்கை என்னவென்றால் சேர்ந்து தவறினால் கணக்கு மேலும் அழகாகிவிடும். ஐந்து பேருடைய எட்டே முக்கால் மணியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுவதால் வருஷாந்திர மொத்தம் குறையும். ஆனால் குறைந்த அந்த நேரம் நமக்கு வேண்டிய அதே நேரமாக இருக்கும். சராசரி என்பதை நான் சந்தேகிக்க ஆரம்பித்தது இங்கேதான்.

ஒரே சமயத்தில் பலரிடம் கேட்டுப் பதில்களைச் சேர்க்கிற சேவைகளில் கதை வேறு. அங்கே கடைசியாக வருகிறவருடைய நேரம்தான் எல்லோருடைய நேரமும். கூகிளைச் சேர்ந்த ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு யந்திரம் நூற்றில் ஒரு தடவைதான் ஒரு செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நூறு யந்திரங்களிடம் கேட்டாக வேண்டிய வேலையாக இருந்தால் நூற்றில் 63 தடவை ஒரு செகண்டைத் தாண்டிவிடும். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும். நூறு பேரும் ஒழுங்கானவர்கள், ஒவ்வொருவரும் நூறு கல்யாணத்துக்கு ஒரு தடவைதான் தாமதிப்பார்கள். பஸ் மட்டும் பெரும்பாலும் தாமதமாகத்தான் கிளம்பும்.

நல்ல வரிகள் சேர்ந்து நல்ல கவிதை ஆகிவிடுவதில்லை என்பதை இந்த வட்டத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் 'எழுத்து' வந்த நாளிலிருந்து உருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு வரியை இன்னும் நன்றாக ஆக்கினால் கவிதை மோசமாகிவிடக்கூடும் என்பதை எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் சேவைகளில் இதை நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள். பிரான்சில் ரென் நகரத்து ஆராய்ச்சிக்காரர்களான பென்வெனிஸ்ட், ரோசாரியோ முதலியோர் 2008, 2009 வாக்கில் எழுதிய கட்டுரைகளைத்தான் சொல்கிறேன். ஒரு கூட்டுச் சேவையில், வந்த பதிலைப் பார்த்து அடுத்த வழியைத் தேர்ந்தெடுக்கிற இடம் ஒன்று இருந்தால், உள்ளேயிருக்கும் ஒரு சேவை தான் சொன்னதைவிடச் சீக்கிரமாகப் பதில் சொல்வதாலேயே மொத்தமும் தாமதமாகிவிடலாம்.

தாம்பரத்தில் இது எனக்கு அடிக்கடி நடக்கிறது. கடற்கரையிலிருந்து கிளம்பும் மின்ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை வருபவை குறைவு. மாலையில் நான் ஏறிய வண்டி காலாகாலத்தில் தாம்பரம் வந்துவிட்டால், அடுத்த செங்கல்பட்டு வண்டிக்கு இன்னும் அரைமணி இருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கப் பொறுக்காமல் வெளியே வந்து ஜிஎஸ்டி ரோடில் பஸ் ஏறிவிடுகிறேன். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று நெரிசலில் நின்று நின்று வீடு சேர ஒன்றரை மணி. அதே வண்டி இருபது நிமிஷம் தாமதமாக வந்து சேர்ந்தால், செங்கல்பட்டு வண்டி வரப்போகிற நேரமாகிவிடுகிறது. காத்திருந்து ஏறினால், தாமதத்தையும் சேர்த்து, ஒரு மணி சொச்சத்தில் வீட்டில் இருப்பேன். சீக்கிரம் வந்த ரயில்தான் என்னைத் தாமதமாக்குகிறது. ரயில்வேயும் பஸ்ஸும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். நடுவில் தேர்வு செய்கிற ஆள் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22 அன்று 'சென்னை ஒன்' என்ற செயலியை ஆரம்பித்தார்கள். மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு. நல்ல காரியம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றானது சீட்டுதான். தாம்பரத்தில் ஒன்று இன்னொன்றுக்காகக் காத்து நிற்கும் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கவில்லை.

ரென்காரர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். 'எப்போதும் ஐந்து செகண்டுக்குள்' என்று ஒவ்வொருவரும் கண்டிப்பான சொல் கொடுத்தால், கூட்டும்போது எல்லோருடைய மிக மோசமான நேரத்தையும் கூட்ட வேண்டிவரும். முடிவில் வருகிற எண் யாருக்கும் உபயோகமில்லாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். அதனால் ஒரே எண்ணைச் சொல்லாதே. நூற்றில் 90 தடவை இத்தனைக்குள், 98 தடவை இத்தனைக்குள் என்று பரவலாகவே சொல் கொடு. அந்தப் பரவல்களைக் கோத்து மொத்தத்தின் பரவல் எப்படியிருக்கும் என்று போலி ஓட்டங்கள் நடத்திப் பார்த்துக்கொள் என்றார்கள். இதற்கு மென்மையான ஒப்பந்தம் என்று பெயர். படித்தபோது எனக்கு அது ஒரு நேர்மையான யோசனையாகப் பட்டது. என் மேலதிகாரிகளுக்கு அப்படிப் படவில்லை. வாடிக்கையாளர்கள் ஒற்றை எண்ணைத்தான் விரும்புகிறார்கள்.

இப்போது யூபிஐ. 2016 ஏப்ரலில் ஆரம்பித்தது. இன்று இளநீர்க்காரர் வரை வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஒரு க்யூஆர் அட்டையைப் படம்பிடித்துப் பூ வாங்குவதில் குறைந்தது ஐந்து ஸ்தாபனங்கள் இருக்கின்றன: போனில் இருக்கும் செயலியின் கம்பெனி, அந்தச் செயலிக்கு ஆதாரமான வங்கி, நடுவில் என்பிசிஐ எனப்படும் தேசியக் கழகத்தின் ஸ்விட்ச், கொடுக்கிறவருடைய வங்கி, வாங்குகிறவருடைய வங்கி. இரண்டு பக்கமும் டெலிபோன் கம்பெனிகள். பணம் வந்ததைக் கூவுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு கம்பெனி தனி.

துல்லியமாகச் சொன்னால் அந்தச் சில விநாடிகளில் பணம் எங்கும் நகர்வதில்லை. இரண்டு வங்கிகளின் கணக்கில் இரண்டு வரிகள் எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். முதல் வங்கி கழித்துவிட்டேன் என்கிறது. ஸ்விட்ச் இரண்டாவது வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. பதிலுக்கு ஒரு கெடு உண்டு. 30 செகண்டாக இருந்ததை 2025 ஜூன் 16 முதல் 15 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கெடுவுக்குள் இரண்டாவது வங்கி ஒன்றுமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு வைத்துவிட்டுப் பதில் சொல்ல முடியாமல் போனதா, வரவே வைக்கவில்லையா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மௌனம். இந்த நிலைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டீம்ட் அப்ரூவ்ட்': நடந்ததாகக் கருதப்படுகிறது. சமீபத்தில் வந்த கவிதைகளில் இதைவிடச் செறிவான ஒரு வாக்கியத்தை நான் படிக்கவில்லை என்று சொன்னால் கவிஞ நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2025 ஆவணி ஸ்வாதியன்று மாலை நான் பாடலாத்ரி நரசிம்மர் கோவில் வாசலில் இருந்தேன். ஸ்வாதி அவருடைய நட்சத்திரம், கூட்டம் இருக்கும். குடைவரை; சாமியே மலையோடு மலையாக இருப்பதால் அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றைச் சுற்றியாக வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் நான் வழக்கமாகத் துளசி வாங்குகிற அம்மாவிடம் இரண்டு சம்பங்கி மாலையும் ஒரு துளசி மாலையும் வாங்கியது. 340 ரூபாய். அந்த மனிதர் போனைக் காட்டினார். வங்கியிலிருந்து பணம் கழிந்ததாகச் செய்தி வந்துவிட்டது, செயலியில் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது, ஸ்பீக்கர் கூவவில்லை. உள்ளே தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது. அர்ச்சகர் நாமத்தை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருகிறார்கள்.

"சாமிக்குப் போற மாலைய புடிச்சு வெச்சுக்க முடியுமா? போய்ட்டு வாங்க" என்று அந்த அம்மா கொடுத்துவிட்டார். அவர்கள் திரும்பி வந்தபோதும் ஸ்பீக்கர் கூவவில்லை. மனிதர் நல்லவர், போனைத் திறந்து கழிந்த தொகையை மறுபடி காட்டினார். அதில் பொய்யில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் கொடுத்துவிட்டார். வேன் கிளம்பிவிட்டது.

"சார், நீங்க கம்ப்யூட்டர் கம்பெனிதான? அவரு குடுத்துட்டாரு, எனக்கு வரல. துட்டு இப்ப எங்க சார் இருக்குது?"

"நடுவுல இருக்கும்மா."

"நடுவுலன்னா யாரு கைல?"

அவரிடம் நான் இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆறரைக்குத் தண்டல்காரர் வருவார், அவருக்கு 200 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். தண்டல்காரருடைய ஒப்பந்தத்தில் தசமப்புள்ளிகள் கிடையாது. நான் பணம் கொடுக்க முன்வந்தேன், வாங்கவில்லை. "நீங்க ஏன் சார் குடுக்கணும்? உங்களுக்கும் இதுக்கும் இன்னா?"

நியாயமான கேள்வி. அதை எல்லோரிடமும் ஒரு சுற்றுக் கேட்டுப் பார்க்கலாம். என் மேஜையில் இருக்கும் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி உண்டு. 'எங்களுடைய நியாயமான கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால்' ஏற்படும் தவறுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அதில் இருக்கும். தனியாக நிற்கிற சேவைக்கு அது நியாயம்தான். பூகம்பத்துக்கு யார் பொறுப்பேற்க முடியும்? கூட்டுச் சேவையில் அந்த வாக்கியம் வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. செயலிக்கு வங்கி அப்பாற்பட்டது. வங்கிக்கு ஸ்விட்ச் அப்பாற்பட்டது. ஸ்விட்சுக்கு இன்னொரு வங்கி அப்பாற்பட்டது. எல்லோருக்கும் டெலிபோன் கம்பெனி அப்பாற்பட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுகிறார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது, அந்த அம்மா வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

தவறியதாக ஒப்புக்கொண்டாலும் என்ன கிடைக்கும்? அமேசான் தன் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடுவதற்குத் தருகிற உத்தரவாதத்தைப் பாருங்கள், பகிரங்கமான பத்திரம்தான். மாதத்தில் 99.99க்குக் கீழே போனால் அந்த மாத வாடகையில் நூற்றுக்கு 10 கழிவு. 99க்குக் கீழே போனால் 30. 95க்கும் கீழே போனால் முழுதும். பணமாகக்கூட அல்ல, பின்னால் வரும் பில்லில் வரவாக. வாடகையைத்தான் அளக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவனை நம்பி நின்றவனுடைய பூ வாடியது இந்த அளவுகோலில் எங்கேயும் வராது. அமேசானைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தொழில் முழுதும் இப்படித்தான். நானே இம்மாதிரி எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

ஒரு தடவை, சில வருஷங்களுக்கு முன்னால், வேறு மாதிரி ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். உள்ளே எந்தப் பகுதி தவறினாலும் கடைசியில் நிற்கிற பயனாளிக்கு, கோத்து விற்கிறவரே முதல் பொறுப்பு; பிறகு அவர் உள்ளே யாரிடம் வசூலித்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு. இதில் புதுமை ஒன்றுமில்லை. கல்யாணச் சமையல் எடுத்துக்கொள்கிற காண்ட்ராக்டர் இந்தப் பொறுப்பைத்தான் ஏற்கிறார். பால்காரர் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, வாழையிலை லாரி மதுராந்தகத்தில் நின்றுவிட்டது என்று பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் சொல்ல முடியாது. சொல்வதுமில்லை. அதனால்தான் இரண்டு பால்காரர்களிடம் சொல்லிவைக்கிறார், ஒரு சிலிண்டர் கூடுதலாக வைத்துக்கொள்கிறார். நூற்றுக்கு 99 தடவை வருகிற, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பால்காரர்கள் இருந்தால் பால் கிடைப்பது 99.99 ஆகிவிடுகிறது என்பது அவருக்குக் கணக்கில்லாமலே தெரியும். பொறுப்பு இருந்தால் கூடுதல் சிலிண்டர் தானாக வரும். என்னுடைய வாக்கியத்தை எதிர்த்தரப்பு வக்கீல் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார். எங்கள் பக்கத்து வக்கீலும் நிம்மதியடைந்ததாகத்தான் தோன்றியது.

யூபிஐயில் இதற்கு அருகில் வருகிற விதி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று போட்ட சுற்றறிக்கை. பணம் கழிந்து வரவாகாமல் போனால், தனி நபருக்கு அனுப்பியதாக இருந்தால் மறுநாளுக்குள், கடைக்காரருக்குச் செலுத்தியதாக இருந்தால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதையும் யாரும் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் தாங்களாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மனிதனைப் பார்த்து எழுதிய வாக்கியங்கள் என்று இவற்றைத்தான் சொல்வேன். நூற்றுக்கு இத்தனை பங்கு என்பது கூட்டத்துக்குக் கொடுக்கிற சொல். மாதம் 2,000 கோடியில் 99.9 நிறைவேறினாலும் இரண்டு கோடி தடவை தவறலாம். அந்த இரண்டு கோடியில் ஒன்றாக நிற்கிறவருக்கு 99.9 என்பதற்கு அர்த்தமே இல்லை. நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்பது அவருக்குக் கொடுத்த சொல்.

ஆனால் யாருக்கு? பணம் திரும்புவது அனுப்பியவருக்கு. நூறு ரூபாயும் அவருக்குத்தான். குரோம்பேட்டைக்காரருக்கு 340 ரூபாய் பத்திரமாகத் திரும்பியிருக்கும். அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், மறுபடி அனுப்பவில்லை. மாலைகள் நரசிம்மர் கழுத்தில் ஏறிவிட்டன. நாளை என்பது நரசிம்மனுக்கு இல்லை என்று எங்கள் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். பூ விற்கிறவருக்கும் இல்லை. அந்த அம்மாவின் இடத்தில் நின்று பார்த்தால் சட்டம், ஒப்பந்தம், ஸ்விட்ச் எல்லாமே தத்தம் உத்தரவாதத்தைப் பூரணமாக நிறைவேற்றிவிட்டன.

அந்தக் காலத்து மணியார்டரில் இந்தக் கஷ்டம் உண்டா என்று நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு மணியார்டர் மேல் ஒரு பாசம் உண்டு. சந்தா அதில்தான் வரும், கூப்பனில் இரண்டு வரி வசவும் சேர்ந்து வரும், வாங்கினவர் கையெழுத்தோடு ஒரு துண்டு அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். அந்தத் துண்டு பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அப்போதிருந்த 1898ஆம் வருஷத்து தபால் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஆறாவது பிரிவு தபால் தொலைந்தாலோ தாமதித்தாலோ சர்க்காருக்குப் பொறுப்பில்லை என்கிறது. நாற்பத்தெட்டாவது பிரிவு, சிப்பந்தியின் கவனக்குறைவால் மணியார்டர் தாமதித்தால்கூட, மோசடியோ வேண்டுமென்றே செய்ததோ இல்லாதவரை, வழக்குப் போட முடியாது என்கிறது. நூற்றிருபத்தைந்து வருஷம் இப்படித்தான் இருந்தது. 2024 ஜூனில் புதுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. சட்டம் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. தெருவில் தினமும் முகத்தைக் காட்ட வேண்டியிருந்த போஸ்ட்மேன் தந்தார். அவரைத்தான் நாம் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முகம் இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு 2025 ஏப்ரல் 12 ஒரு சான்று. அன்று சனிக்கிழமை; யூபிஐ நாடு முழுதும் பல மணி நேரம் தடுமாறியது. பிற்பாடு காரணம் பார்த்தபோது, 'இந்தப் பரிவர்த்தனை நடந்ததா, நடந்ததா' என்று சில வங்கிகளின் யந்திரங்கள் ஸ்விட்சைத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் வெள்ளமாக வந்து சேர்ந்தது தெரிந்தது. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியெல்லாம் கேட்டிருக்கின்றன. பதில் தாமதித்தால் மறுபடி கேள் என்று ஒவ்வொரு யந்திரத்துக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். பதில் தாமதித்தது, கேட்டன. கேட்டதால் மேலும் தாமதித்தது, மேலும் கேட்டன. கவிதையை அனுப்பிவிட்டு ஆசிரியருக்கு வாரம் ஒரு கார்டு போடுகிறவர்களை நாம் அறிவோம். ஆசிரியர் கார்டுகளுக்குப் பதில் எழுதி முடித்தால்தானே கவிதையைப் படிப்பார்? அதற்குப் பிறகு விதி செய்தார்கள்: நிலவரம் கேட்பது இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது. ஆகஸ்டு முதல், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் கணக்கில் என்ன மிச்சம் என்று பார்க்க முடியாது. ஐம்பது தடவை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் ஜாக்கிரதையாக இருந்ததுதான் மொத்தத்தையும் சாய்த்தது.

பூக்கார அம்மாவிடம் இப்போது சில விதிகள் இருக்கின்றன. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. நூறு ரூபாய் வரைக்கும் ஸ்பீக்கர் கூவுவதற்குக் காத்திருப்பதில்லை. போனைக் காட்டினால் போதும், போகச் சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் என்றால் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை. வேனில் வந்தவர்களுக்குக் கூவுகிற வரைக்கும் மாலை கூடையை விட்டு நகராது. நடை சாத்துகிற நேரமானால் காசுதான். மழை பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் காசு, எனக்கும். அந்த நூறு எப்படி வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். ஒரு நாளில் ஒரு தடவை அந்தத் தொகை போய்விட்டால்கூடத் தண்டலுக்கு இடிக்காது என்றார். இரண்டு தடவை போனால் என்று கேட்டேன். இரண்டு தடவை போனது இதுவரை மூன்றே நாள்தானாம், மூன்றும் எந்தெந்த நாள் என்றும் சொன்னார். ரென்காரர்கள் கேட்ட பரவல் அவரிடம் இருக்கிறது.

ஸ்வாதியன்று அந்த நூறு ஐம்பதாகிவிடும். கூட்ட நாளில் பொட்டி தூங்கிடுது சார் என்கிறார்.